நகராட்சி ஊழியர் ஊதியத் திருத்தம் (ஐக்கிய அமெரிக்கா)

நகராட்சி ஊழியர் ஊதியத் திருத்தம் என்பது, நகர அரசு ஒன்றின் கீழ்ப் பணிபுரியும் துப்புரவுப் பணியாளர், தீயணைப்புப் படையினர், காவலர், நூலகர், எழுத்தர், பொறியாளர் முதலியோரின் ஊதியத்தை, விலைவாசி, பிற இடங்களில் வழங்கப்படும் ஊதியம், பணியின் மதிப்பு, நகரத்தின் நிதிநிலை ஆகியவற்றுக்கு ஏற்ப அவ்வப்போது மாற்றியமைக்கும் நடைமுறை ஆகும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்க நகரங்களில் இது நடைபெறும் முறையை விளக்குகின்றது. அந்நாட்டில் நகர அரசு ஊழியர் அனைவருக்கும் பொதுவான ஊதியக் குழு எதுவும் இல்லை. ஒவ்வொரு நகரமும் தனது மாநிலச் சட்டத்துக்கும் தனது நகரப் பட்டயத்துக்கும் உட்பட்டுத் தானே ஊதியத்தைத் தீர்மானிக்கின்றது. இதனால் அடுத்தடுத்து அமைந்துள்ள இரு நகரங்களில் ஒரே பணிக்கு வெவ்வேறு ஊதியம் இருப்பது வழக்கமானதே.

ஊதியத்தைக் கொடுப்பவர்கள் வரி செலுத்தும் நகர மக்கள். அதைப் பெறுபவர்கள் பெரும்பாலும் அதே நகரில் வாழும் ஊழியர்கள். ஊதியம் மிகக் குறைந்தால் ஊழியர் வறுமையில் தள்ளப்படுவதுடன் நகரச் சேவையும் சீர்குலைகின்றது. வருவாயை மீறி உயர்ந்தால் நகரமே கடனில் மூழ்கக்கூடும். இவ்விரு நிலைகளும் வரலாற்றில் நிகழ்ந்துள்ளன.

## சொற்பொருள்

ஊதிய உயர்வு என்னும் பொதுச்சொல் பல வேறுபட்ட மாற்றங்களைக் குறிக்கின்றது. இவற்றைப் பிரித்தறியாமையே பல விவாதங்களில் குழப்பத்துக்குக் காரணமாக உள்ளது.

* வாழ்க்கைச் செலவுச் சரிக்கட்டல் - விலைவாசி உயர்வால் ஊதியம் இழந்த வாங்கும் திறனை ஈடுசெய்வது. இதனால் ஊழியரின் உண்மை ஊதியம் கூடுவதில்லை. முன்னிருந்த நிலையில் காக்கப்படுகின்றது.
* பொது ஊதிய உயர்வு - ஒரு பிரிவிலுள்ள எல்லா ஊழியருக்கும் ஒரே வீதத்தில் வழங்கப்படுவது. இது விலைவாசியுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.
* ஆண்டு ஊதிய உயர்வு - ஊதிய அட்டவணையில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறுவது. பணி அனுபவத்துக்காக வழங்கப்படுகின்றது. அட்டவணையின் உச்ச நிலையை அடைந்தவருக்கு இது கிடைப்பதில்லை.
* சமன்பாட்டுத் திருத்தம் - ஒரு குறிப்பிட்ட பணிவகை மட்டும் சந்தையை விடவோ, ஒப்பான பிற பணிகளை விடவோ குறைவான ஊதியம் பெறும்போது அதனை மட்டும் உயர்த்துவது.
* ஒரு முறைத் தொகை - அடிப்படை ஊதியத்தில் சேராமல் ஒரு தடவை மட்டும் வழங்கப்படும் பணம்.

கடைசி வகைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஆண்டுக்கு 50,000 டாலர் பெறும் ஒருவருக்கு 3% உயர்வு அடிப்படை ஊதியத்தில் சேர்க்கப்பட்டால் ஆண்டுக்கு 1,500 டாலர் கூடும். பத்து ஆண்டுகளில் அது 15,000 டாலர் ஆகும். ஓய்வூதியமும் உயர்ந்த ஊதியத்தின் மீதே கணக்கிடப்படும். அதே 3% ஒரு முறைத் தொகையாக வழங்கப்பட்டால் அவர் பெறுவது 1,500 டாலர் மட்டுமே. இதனாலேயே நகர நிதி அலுவலர்கள் பின்னதையும், தொழிற்சங்கங்கள் முன்னதையும் விரும்புகின்றன.

## வரலாறு

### பாஸ்டன் காவலர் வேலைநிறுத்தம்

முதல் உலகப் போர்க் காலத்தில் விலைவாசி கடுமையாக உயர்ந்தபோதும் பாஸ்டன் நகரக் காவலரின் ஊதியம் அதற்கு ஈடாக உயரவில்லை. சீருடையையும் அவர்கள் சொந்தப் பணத்திலேயே வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது அது தடுக்கப்பட்டது. 1919 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள், 1,544 காவலரில் 1,117 பேர் பணிக்குச் செல்லவில்லை. நகரில் கொள்ளையும் கலவரமும் நிகழ்ந்தன. மாசச்சூசெட்ஸ் ஆளுநராக இருந்த கால்வின் கூலிட்ஜ் படையை வரவழைத்தார். வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீண்டும் பணியில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்ட புதிய காவலருக்கோ கூடுதல் ஊதியமும், கூடுதல் விடுமுறையும், இலவசச் சீருடையும் வழங்கப்பட்டன. வேலையிழந்தவர்கள் கேட்டவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு பிறருக்குக் கிடைத்தது.

இந்நிகழ்வு, பொதுத்துறை ஊழியர் தொழிற்சங்கங்கள் மீது நீண்டகால அவநம்பிக்கையை ஏற்படுத்தியது. 1935 ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தனியார்துறைத் தொழிலாளருக்குக் கூட்டுப் பேர உரிமையை அளித்தபோது, மாநில அரசுகளையும் நகர அரசுகளையும் தன் எல்லைக்குள் சேர்க்கவில்லை.

### கூட்டுப் பேர உரிமை

நியூயார்க் நகரில் மேயர் ராபர்ட் வாக்னர் 1958 ஆம் ஆண்டில் ஓர் ஆணை மூலம் நகர ஊழியரின் கூட்டுப் பேர உரிமையை ஏற்றார். 1959 ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலம் நகராட்சி ஊழியருக்கான கூட்டுப் பேரச் சட்டத்தை இயற்றியது. இதுவே மாநில அளவில் முதலாவதாகும். கலிபோர்னியாவில் உள்ளூர் அரசுகளுக்கான சட்டம் 1968 ஆம் ஆண்டில் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் 1967 ஆம் ஆண்டுச் சட்டம் பேர உரிமையை அளித்த அதே வேளையில் பொது ஊழியரின் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது.

பின்னாளில் எதிர்த்திசையிலும் மாற்றங்கள் ஏற்பட்டன. முன்னோடியான விஸ்கான்சினே 2011 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் மூலம், காவல், தீயணைப்பு ஆகியவை நீங்கலாக ஏனைய பொது ஊழியரின் பேரத்தை அடிப்படை ஊதியத்துக்கு மட்டும் உரியதாகச் சுருக்கியது. விலைவாசி உயர்வை விஞ்சும் ஊதிய உயர்வுக்கு மக்கள் வாக்கெடுப்புத் தேவை எனவும் அச்சட்டம் விதித்தது. அதன் பல பிரிவுகள் செல்லா என 2024 டிசம்பரில் மாவட்ட அளவிலான நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

### மெம்பிஸ், 1968

டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளும் பணியில் இருந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவர். முழு நேரம் உழைத்தும் அவர்களுள் பலர் அரசின் உணவு உதவியை நாட வேண்டியிருந்தது. 1968 பெப்ரவரி 1 ஆம் நாள், மழைக்காகக் குப்பை வண்டியினுள் ஒதுங்கியிருந்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு பணியாளர், பழுதடைந்த அமுக்கு பொறியில் நசுங்கி இறந்தனர். பெப்ரவரி 12 ஆம் நாள் சுமார் 1,300 பணியாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். "நான் ஒரு மனிதன்" என்னும் வாசகம் தாங்கிய அட்டைகளுடன் அவர்கள் ஊர்வலம் சென்றனர். அவர்களுக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 ஆம் நாள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கம் ஏற்கப்பட்டது, ஊதியம் மணிக்கு 15 சென்ட் உயர்த்தப்பட்டது.

அன்று நகர ஓய்வூதியத் திட்டத்துக்குப் பதிலாகக் கூட்டரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தேர்ந்த பணியாளர்கள் முதுமையில் போதிய ஓய்வூதியம் இன்றி வாழ்ந்தனர். 2017 ஆம் ஆண்டில், அவ்வேளை உயிருடன் இருந்த முன்னாள் வேலைநிறுத்தப் பணியாளருக்குத் தலா 50,000 டாலர் வழங்குவதாக மெம்பிஸ் நகர அரசு அறிவித்தது. ஊதியம் தொடர்பாக எடுக்கப்படும் ஒரு முடிவின் விளைவு அரை நூற்றாண்டு கடந்தும் நீடிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

## தீர்மானிக்கும் அளவுகோல்கள்

ஊதியத் திருத்தம் நியாயமானதா என்பதை அளக்கப் பொதுவாக நான்கு அளவுகோல்கள் பயன்படுத்தப்படுகின்றன. நடுவர் தீர்ப்புக்கு வழிசெய்யும் மாநிலச் சட்டங்கள் பலவற்றிலும் இவை இடம்பெற்றுள்ளன.

### விலைவாசி

விலைவாசி மாற்றம், கூட்டரசின் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் வெளியிடும் நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால் அளக்கப்படுகின்றது. நகர்ப்புற நுகர்வோர் அனைவருக்குமான சுட்டெண், நகர்ப்புறக் கூலித் தொழிலாளர் மற்றும் எழுத்தருக்கான சுட்டெண் என இரு முதன்மை வரிசைகள் உள்ளன. முன்னது மக்கள்தொகையில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரையும், பின்னது ஏறத்தாழ 30 விழுக்காட்டினரையும் தழுவுகின்றது. பெருநகரப் பகுதிகள் சிலவற்றுக்குத் தனிச் சுட்டெண்களும் உண்டு. உள்ளூர்ச் சுட்டெண்களுக்கான மாதிரி அளவு சிறியது. எனவே அவை கூடுதலாக ஏறி இறங்கும். இக்காரணத்தால் ஒப்பந்தங்களில் தேசியச் சுட்டெண்ணைப் பயன்படுத்துவதே நல்லது என அப்பணியகம் அறிவுறுத்துகின்றது. ஆயினும் வீட்டு வாடகை மிகுந்த நகரங்களில் தொழிற்சங்கங்கள் உள்ளூர்ச் சுட்டெண்ணையே கோருவது உண்டு.

கணக்கிடும் முறை வருமாறு:

உயர்வு வீதம் = (புதிய சுட்டெண் − பழைய சுட்டெண்) ÷ பழைய சுட்டெண் × 100

சுட்டெண் 250 இலிருந்து 260 ஆக உயர்ந்தால் உயர்வு 4% ஆகும். 10 புள்ளி உயர்வை 10% எனக் கொள்வது தவறு.

பல ஒப்பந்தங்களில் இவ்வீதத்துக்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் விதிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 2 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 5 விழுக்காட்டுக்கு மிகாமலும் வழங்கப்படும் என ஒப்பந்தம் கூறலாம். விலைவாசி அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் கீழ் வரம்பு ஊழியருக்கு நன்மையாகும். 2022 சூனில் தேசிய அளவில் விலைவாசி ஓராண்டில் 9.1% உயர்ந்திருந்தது; இத்தகைய காலத்தில் மேல் வரம்பு ஊழியரின் உண்மை ஊதியத்தைக் குறைத்து விடுகின்றது.

சிறு வேறுபாடும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகும். ஆண்டுக்கு 40,000 டாலர் பெறும் ஒருவருக்கு ஐந்து ஆண்டுகள் 3% உயர்வு கிடைத்தால் அவரது ஊதியம் சுமார் 46,371 டாலர் ஆகும். அதே காலத்தில் விலைவாசி ஆண்டுக்கு 4% உயர்ந்தால், முன்னைய வாழ்க்கைத் தரத்தைக் காக்க அவருக்குச் சுமார் 48,666 டாலர் தேவை. ஒவ்வோர் ஆண்டும் ஊதிய உயர்வு பெற்றும் அவர் ஏறத்தாழ 4.7% வாங்கும் திறனை இழந்துள்ளார்.

சுட்டெண்ணின் துல்லியம் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. 1996 ஆம் ஆண்டில் மைக்கேல் பாஸ்கின் தலைமையிலான குழு, அன்றைய சுட்டெண் உண்மையான வாழ்க்கைச் செலவு உயர்வை ஆண்டுக்கு 1.1 விழுக்காட்டுப் புள்ளி மிகைப்படுத்திக் காட்டுவதாகக் கூறியது. அதன் பின்னர்க் கணக்கிடும் முறையில் திருத்தங்கள் செய்யப்பட்டன.

### ஒப்பீடு

தம்மை ஒத்த பிற நகரங்கள் அதே பணிக்கு என்ன வழங்குகின்றன என்பதை ஆராய்வது இரண்டாவது முறை. மக்கள்தொகை, வரவுசெலவு அளவு, வாழ்க்கைச் செலவு, தொலைவு ஆகியவற்றின் அடிப்படையில் சுமார் பத்துப் பதினைந்து நகரங்கள் தெரிவு செய்யப்படுவது வழக்கம்.

எந்த நகரங்களைத் தெரிவு செய்வது என்பதிலேயே பேரத்தின் பாதி அடங்கியுள்ளது. செல்வ நகரங்களைத் தெரிந்தால் ஊதியம் தாழ்வாகவும், வறிய நகரங்களைத் தெரிந்தால் உயர்வாகவும் தோன்றும். மேலும், ஒவ்வொரு நகரமும் தான் இடைநிலைக்கு மேலே இருக்க வேண்டும் என முடிவு செய்தால், ஒன்றின் உயர்வு மற்றொன்றின் உயர்வுக்குக் காரணமாகி, இடைநிலையே தொடர்ந்து மேலே நகரும். ஆகவே ஒப்பீட்டுக்குரிய நகரங்களின் பட்டியலைப் பேரம் தொடங்கும் முன்னரே இரு தரப்பும் ஏற்றுக்கொள்வது சிறந்த நடைமுறையாகக் கருதப்படுகின்றது. அடிப்படை ஊதியத்தை மட்டுமன்றி, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியப் பங்களிப்பு, விடுமுறை ஆகியவற்றையும் சேர்த்து ஒப்பிடுவதும் இன்றியமையாதது.

### பணி மதிப்பீடு

வெளிச்சந்தையில் ஏற்கெனவே பாகுபாடு நிலவினால், சந்தையைப் பார்த்து ஊதியம் நிர்ணயிப்பது அப்பாகுபாட்டையே மீண்டும் உருவாக்கும். இதற்கு மாற்றாக, ஒவ்வொரு பணிக்கும் தேவையான அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், பொறுப்பு, பணிச்சூழல் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கி, சம புள்ளி பெறும் பணிகளுக்குச் சம ஊதியம் வழங்கும் முறை உருவானது. இது "ஒப்பான மதிப்புக்கு ஒப்பான ஊதியம்" எனப்படுகின்றது.

இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரமாகும். அங்கு நடத்தப்பட்ட பணி மதிப்பீட்டு ஆய்வு, பெண்கள் பெரும்பான்மையாக உள்ள பணிகள், அதே புள்ளி பெற்ற ஆண்கள் பெரும்பான்மைப் பணிகளை விடக் குறைவான ஊதியம் பெறுவதைக் காட்டியது. நூலகப் பணியாளர் உள்ளிட்ட நகர ஊழியர்கள் 1981 சூலை மாதம் ஒன்பது நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில், இவ்விடைவெளியைக் குறைப்பதற்கெனச் சுமார் 15 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அவ்வேளை அந்நகரின் மேயராக இருந்தவரும் ஒரு பெண்ணே. அவர் ஜேனட் கிரே ஹேய்ஸ்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1981 சூன் மாதத்தில், ஓரிகன் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டிச் சிறைப் பெண் காவலர் தொடுத்த வழக்கில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே வேலையைச் செய்யாதவர்களும் பால் அடிப்படையிலான ஊதியப் பாகுபாட்டை எதிர்த்து வழக்குத் தொடரலாம் என்பது அத்தீர்ப்பு. மினசோட்டா மாநிலம் 1984 ஆம் ஆண்டில், உள்ளூர் அரசுகள் அனைத்தும் பால்சார் ஊதியச் சமன்பாட்டைப் பேண வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. உள்ளூர் அரசுகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாநில அரசுக்கு அறிக்கை அளிக்க வேண்டும்.

### கொடுக்கும் திறன்

நகரத்தின் வருவாய் விலைவாசியுடன் சேர்ந்து உயர்வதில்லை. கலிபோர்னியாவில் 1978 ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13 ஆம் முன்மொழிவு, சொத்து வரியைச் சொத்து மதிப்பின் 1 விழுக்காட்டுக்கு வரையறுத்தது. சொத்து கைமாறாத வரை வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரவும் கூடாது. எனவே விலைவாசி 5% உயரும் ஆண்டில் ஊதியத்தையும் 5% உயர்த்தும் நகரம், பிற செலவுகளைக் குறைக்கவோ வேறு வருவாயைத் தேடவோ வேண்டியுள்ளது.

இதற்கு ஆழமான பொருளாதாரக் காரணமும் உண்டு. பொருளியலாளர் வில்லியம் போமல் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் நகரங்களின் நிதி நெருக்கடியை இவ்வாறு விளக்கினார். தொழிற்சாலையில் இயந்திரங்களின் உதவியால் ஒரு தொழிலாளி ஆக்கும் பொருளின் அளவு ஆண்டுதோறும் கூடுகின்றது. அதற்கேற்ப ஊதியமும் கூடலாம். ஆசிரியர், தாதியர், காவலர் போன்றோரின் பணியில் இத்தகைய உற்பத்தித்திறன் வளர்ச்சி மிகவும் குறைவு. ஆனால் அவர்களது ஊதியம் பிற துறைகளுடன் சேர்ந்து உயராவிட்டால் அப்பணிகளுக்கு ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். ஆகவே நகரச் சேவைகளின் செலவு, எவரும் தவறு செய்யாமலேயே, ஏனைய பொருட்களின் செலவை விட விரைவாக உயர்கின்றது. இது "போமலின் செலவு நோய்" என அழைக்கப்படுகின்றது.

## நடைமுறை

பல நகரங்களில் நிதியாண்டு சூலை 1 ஆம் நாள் தொடங்குகின்றது. அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே வருவாய் மதிப்பீடு தயாரிக்கப்பட்டு, நகரசபை மூடிய கூட்டத்தில் தன் பேச்சாளர்களுக்கு வரம்பு வகுத்துக் கொடுக்கின்றது. பின்னர் ஒவ்வொரு தொழிற்சங்கத்துடனும் பேச்சு நடைபெறும். எட்டப்பட்ட உடன்பாடு தொழிற்சங்க உறுப்பினரின் வாக்கெடுப்புக்கும், நகரசபையின் பொதுக் கூட்ட ஒப்புதலுக்கும் விடப்படும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுக் காலத்துக்கு உரியவை.

ஒரு நகரில் பல தொழிற்சங்கங்கள் இருக்கும்போது, முதலில் உடன்படும் சங்கத்தின் வீதமே மற்றவர்களுக்கும் அளவாக அமைவதுண்டு. நியூயார்க் நகரம் இம்முறையை நெடுங்காலமாகப் பின்பற்றி வருகின்றது. 2023 ஆம் ஆண்டில் அந்நகரின் மிகப்பெரிய ஊழியர் சங்கங்களுள் ஒன்றுடன் ஏற்பட்ட உடன்பாட்டில், நான்கு ஆண்டுகளுக்குத் தலா 3%, ஐந்தாம் ஆண்டில் 3.25%, ஒரு முறைத் தொகையாக 3,000 டாலர், குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 18 டாலர் ஆகியவை இடம்பெற்றன. விழுக்காட்டு உயர்வும் நிலைத்த தொகையும் கலந்து வழங்கப்படுவதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பேச்சு முறிந்தால் நடுநிலையாளர் உதவியும், உண்மை அறியும் குழுவின் அறிக்கையும் நாடப்படும். காவலரும் தீயணைப்புப் படையினரும் வேலைநிறுத்தம் செய்ய இயலாத மாநிலங்கள் சிலவற்றில், இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு முறை உள்ளது. பென்சில்வேனியா 1968 ஆம் ஆண்டிலும் மிச்சிகன் 1969 ஆம் ஆண்டிலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. ஒரு வகை நடுவர் முறையில், நடுவர் இரு தரப்பின் இறுதி முன்மொழிவுகளுள் ஒன்றை மாற்றமின்றி ஏற்க வேண்டும். நடுவே ஒரு தொகையைத் தாமாக வகுக்க முடியாது. மிகையாகக் கேட்பவர் தோற்பார் என்பதால் இரு தரப்பும் நியாயத்தை நெருங்கி வரும் என்பது இதன் அடிப்படை.

## விழுக்காடா, நிலைத்த தொகையா

எல்லோருக்கும் ஒரே விழுக்காடு வழங்குவது சமமானதாகத் தோன்றினும் அதன் விளைவு சமமானதன்று. ஆண்டுக்கு 36,000, 60,000, 150,000 டாலர் பெறும் மூன்று ஊழியரைக் கொள்வோம்.

* 4% உயர்வு வழங்கினால் அவர்கள் முறையே 1,440, 2,400, 6,000 டாலர் பெறுவர். மொத்தச் செலவு 9,840 டாலர்.
* அதே செலவைச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் 3,280 டாலர் கிடைக்கும். இது முறையே 9.1%, 5.5%, 2.2% உயர்வாகும்.

உணவு, வாடகை, போக்குவரத்து ஆகியவற்றின் விலை உயர்வு குறைந்த ஊதியம் பெறுவோரையே கூடுதலாகப் பாதிக்கின்றது என்பது நிலைத்த தொகைக்கு ஆதரவான வாதம். நிலைத்த தொகை தொடர்ந்து வழங்கப்பட்டால் பதவிகளுக்கு இடையிலான ஊதிய வேறுபாடு சுருங்கி, மேற்பார்வைப் பொறுப்பையும் சிறப்புப் பயிற்சியையும் ஏற்க எவரும் முன்வரமாட்டார்கள் என்பது எதிர்வாதம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, "4% அல்லது 2,000 டாலர், இவற்றுள் எது மிகுதியோ அது" என்பது போன்ற விதிகள் வகுக்கப்படுவதுண்டு.

நகரத்தின் நேரடி ஊழியர் அல்லாத ஒப்பந்தப் பணியாளர் இத்திருத்தங்களுக்கு வெளியே நிற்கின்றனர். இதற்கு மாற்றாக 1994 ஆம் ஆண்டில் பால்ட்டிமோர் நகரம், நகர ஒப்பந்தங்களைப் பெறும் நிறுவனங்கள் தம் பணியாளருக்கு வாழ்வூதியம் வழங்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலராக இருந்த 1995 ஆம் ஆண்டில் அங்கு வாழ்வூதியம் 6.10 டாலரில் தொடங்கியது. பின்னர்ப் பல நகரங்கள் இதனைப் பின்பற்றின.

## நிதி நெருக்கடியும் ஊதியமும்

1975 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை எட்டியது. பல்லாயிரம் ஊழியர் வேலையிழந்தனர். நகரின் நிதியைக் கண்காணிக்க மாநில அரசு அமைத்த வாரியத்தின் கீழ் ஊதிய உயர்வுகள் முடக்கப்பட்டன. தொழிற்சங்க ஓய்வூதிய நிதியங்கள் நகரத்தைக் காப்பதற்கான கடன் பத்திரங்களை வாங்கின. ஊழியரின் முதுமைக்காலச் சேமிப்பே நகரத்தைத் தாங்கிப் பிடித்தது எனலாம்.

கலிபோர்னியாவின் வலேஹோ நகரம் 2008 ஆம் ஆண்டில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் பொது நிதியில் பெரும்பகுதி காவல், தீயணைப்பு ஊழியரின் ஊதியத்துக்கும் சலுகைகளுக்கும் சென்றுகொண்டிருந்தது.

2013 ஆம் ஆண்டில் டிட்ராயிட் நகரம் திவாலானது. அதுவரை ஐக்கிய அமெரிக்க நகரம் ஒன்று அடைந்த மிகப்பெரிய திவால் அதுவே. 2014 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட திட்டத்தின்படி, பொது ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் 4.5% குறைக்கப்பட்டது. எதிர்கால விலைவாசிச் சரிக்கட்டலும் முற்றாக நீக்கப்பட்டது. காவல், தீயணைப்பு ஓய்வூதியரின் ஓய்வூதியம் குறைக்கப்படவில்லை. ஆயினும் அவர்களின் சரிக்கட்டல் குறைக்கப்பட்டது. இங்கு 4.5% குறைப்பை விடச் சரிக்கட்டல் நீக்கமே நாளடைவில் பெரிய இழப்பாகும். விலைவாசி ஆண்டுக்கு 2% உயர்ந்தாலே, பத்து ஆண்டுகளில் மாறாத ஓய்வூதியம் தன் வாங்கும் திறனில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை இழந்துவிடும்.

## உயர் அலுவலர் ஊதியமும் வெளிப்படைத்தன்மையும்

தமது ஊதியத்தைத் தாமே தீர்மானிக்கும் நிலையில் உள்ளவர்களுக்குத் தனி விதிகள் தேவைப்படுகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரசபை உறுப்பினரின் ஊதியம் நீதிபதிகளின் ஊதியத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நியூயார்க் நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியினரின் ஊதியத்தை ஆராய ஆலோசனைக் குழு அமைக்கும் முறை உண்டு. அத்தகைய குழுவின் ஆய்வுக்குப் பின்னர், 2016 ஆம் ஆண்டில் மேயரின் ஆண்டு ஊதியம் 258,750 டாலராக உயர்த்தப்பட்டது.

இத்தகைய தடைகள் செயலிழந்தால் நேரக்கூடியதைக் கலிபோர்னியாவின் பெல் என்னும் சிறு நகரம் காட்டியது. உழைப்பாளர் மிகுந்த, சுமார் 35,000 பேர் வாழும் அந்நகரின் நிர்வாகியாக இருந்த ராபர்ட் ரிசோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் டாலர் ஊதியம் பெறுவது 2010 ஆம் ஆண்டில் வெளியானது. அது ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஊதியத்தைப் போல் இரு மடங்காகும். நகரசபையின் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் விதித்த வரம்பிலிருந்து விலகுவதற்கு உதவிய நகரப் பட்டயம், 2005 ஆம் ஆண்டில் நானூறுக்கும் குறைவானோர் வாக்களித்த தேர்தலில் நிறைவேறியிருந்தது. ரிசோவுக்கு 2014 ஆம் ஆண்டில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நகர அலுவலரின் ஊதிய விவரங்களை மாநிலக் கணக்கு அலுவலகம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடும் வழக்கம் இந்நிகழ்வின் விளைவாகவே ஏற்பட்டது.

## பிற நாடுகளுடன் ஒப்பீடு

இந்தியாவில் அரசு ஊழியருக்கு விலைவாசி ஈடு, அகவிலைப்படி என்னும் தனிக் கூறாக வழங்கப்படுகின்றது. மத்திய அரசு ஊழியருக்கு இது தொழிற்சாலைத் தொழிலாளருக்கான அகில இந்திய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடிப்படையில் சனவரி, சூலை என ஆண்டுக்கு இரு முறை திருத்தப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்க நகரங்களில் ஒவ்வொரு முறையும் பேரத்தின் மூலம் பெற வேண்டியது, இங்கு பெரும்பாலும் வாய்பாட்டின்படி கிடைக்கின்றது. எனினும் வாய்பாடும் அசைக்க முடியாதது அன்று. கோவிட் தொற்றுக் காலத்தில் 2020 சனவரி முதல் 2021 சூன் வரை மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரசபை, ஆண்கள் மிகுந்த குப்பை அகற்றல், சாலைப் பணிகளுக்கு வழங்கிய மிகையூதியத்தைப் பெண்கள் மிகுந்த சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிகளுக்கு வழங்கவில்லை. பணியை விட்டுச் சென்ற 174 பேர் தொடர்ந்த வழக்கில், அவர்கள் பொது நீதிமன்றத்தில் உரிமை கோரலாம் என 2012 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஆம் ஆண்டில், சம ஊதிய நிலுவை 65 முதல் 76 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என மதிப்பிட்ட நகரசபை, இன்றியமையாத செலவுகள் தவிரப் புதிய செலவுகளை நிறுத்துவதாக அறிவித்தது. நியாயமான திருத்தத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு செலவே என்பதை இது உணர்த்துகின்றது.

## இவற்றையும் பார்க்க

* அகவிலைப்படி
* நுகர்வோர் விலைச் சுட்டெண்
* பணவீக்கம்
* கூட்டுப் பேரம்
* குறைந்தபட்சக் கூலி